இலை கேட்பது வெயில் மட்டுமா?

சோழவந்தான் வட்டாரத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடி நடுவதற்கு முன்பே அகத்தியை விதைத்துவிடுகிறார்கள். கொடி பற்றி ஏற அதுவே கொழுகொம்பு. தலைக்கு மேல் வெயிலை வடிகட்டும் கூரையும் அதுவே. ஏற்காட்டில் காபிச் செடிகள் பெருமரங்களின் நிழலில்தான் காய்க்கின்றன. தக்காளி, மிளகாய் நாற்றங்காலுக்கு மேலே நிழல்வலை கட்டுவது இன்று ஊருக்கு ஊர் வழக்கமாகிவிட்டது. ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் நாட்டில், அந்த வெயிலைத் தடுக்கக் காசு செலவழிக்கிறார்கள். அதே நாட்டில், கார்த்திகையில் மேகம் கலையாமல் நாள்கணக்கில் கவிந்து நின்றால், சம்பா போட்ட டெல்டா உழவர் கவலையோடு வானத்தைப் பார்க்கிறார். கதிர் சரியாகப் பால் பிடிக்காமல் பதர் கூடிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

இருவர் செய்வதிலும் தவறில்லை. ஒருவருக்கு வெயில் மிகை, இன்னொருவருக்குக் குறை.

ஒளிச்சேர்க்கையைப் பள்ளிப் பாடம் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: கார்பன் டை ஆக்சைடும் நீரும் ஒளியின் துணையால் சர்க்கரையாகின்றன, ஆக்சிஜன் வெளியேறுகிறது. எது எதுவாக மாறுகிறது என்பதை அந்த வரி சொல்கிறது. எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைச் சொல்வதில்லை. விளைச்சல் முழுக்க அந்த வேகத்தில்தான் இருக்கிறது. ஒளி, காற்று, சூடு, தண்ணீர், மண்சத்து ஆகிய ஐந்தும் அந்த வேகத்தை எப்படி ஏற்றி இறக்குகின்றன என்பது இரண்டரை நூற்றாண்டாக ஆராயப்பட்டுவரும் கேள்வி. அந்த ஆராய்ச்சி இன்று எங்கே வந்து நிற்கிறது என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

குமிழியில் தொடங்கிய ஆராய்ச்சி

1779-ஆம் ஆண்டுக் கோடையில், யான் இங்கன்ஹௌஸ் என்ற டச்சு மருத்துவர் இங்கிலாந்தில் ஒரு வீட்டில் தங்கி நூற்றுக்கணக்கான சோதனைகளைச் செய்தார். நீரில் மூழ்கிய இலைகள் வெயில் பட்டால் குமிழி விடுகின்றன, இருட்டில் விடுவதில்லை. பச்சையான பகுதிகள் மட்டுமே இதைச் செய்கின்றன. வெயிலின் சூட்டுக்கு இதில் பங்கில்லை, ஒளியே காரணம் என்று அவர் நிறுவினார். சில ஆண்டுகளில் ஜெனீவாவைச் சேர்ந்த ழான் செனபியே, கார்பன் டை ஆக்சைடு இல்லாமல் இது நடவாது என்று காட்டினார். 1804-இல் அதே ஊரின் நிக்கோலா தெ சொசூர், செடியின் எடைக் கூடுதலில் நீருக்கும் பங்குண்டு என்று அளந்து காட்டினார்.

என்னென்ன தேவை என்ற பட்டியல் அத்தோடு முடிந்தது. அவற்றுள் எது எப்போது வேகத்தைத் தீர்மானிக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் நூறாண்டு ஆயிற்று.

கேம்பிரிட்ஜில் பிளாக்மன் என்ற தாவரவியலாளரும் அவருடன் பணியாற்றிய கேப்ரியேல் மத்தாயியும் ஓர் இலையை வெவ்வேறு ஒளியிலும் வெவ்வேறு சூட்டிலும் வைத்து அளந்தார்கள். 1904-இல் மத்தாயி வெளியிட்ட முடிவு தெளிவாக இருந்தது. மங்கிய ஒளியில் சூட்டைக் கூட்டினாலும் ஒளிச்சேர்க்கை கூடவில்லை. நல்ல ஒளியில் சூட்டைக் கூட்டியதும் கூடியது. அடுத்த ஆண்டு பிளாக்மன் இதை ஒரு விதியாக்கினார்: பல காரணிகளைச் சார்ந்த ஒரு செயலின் வேகத்தை, அவற்றுள் அந்த நேரத்தில் எது மிகக் குறைவோ அதுவே கட்டுப்படுத்தும். கல்யாணப் பந்தியில் சோறும் சாம்பாரும் அண்டா அண்டாவாக இருந்தாலும் வாழையிலை தீர்ந்துபோனால் அடுத்த வரிசை உட்கார முடியாது. அப்போது இன்னொரு அண்டா சோறு வடிப்பதால் பயனில்லை. இலைக்குள் நடப்பதும் அதுதான்.

மத்தாயியின் வாழ்க்கை பிறகு இந்தியாவோடு கலந்தது. ஆல்பர்ட் ஹோவர்டை மணந்து, பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் கோதுமை ரகங்களை உருவாக்கும் பணியில் பல ஆண்டுகள் ஈடுபட்டார். கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி விடும் ஆக்சிஜனைத் தானாகவே பதிவு செய்யும் கருவியை உருவாக்கி, 1924-இல் ஒளிச்சேர்க்கை பற்றித் தனி நூலே எழுதினார். ஹைட்ரில்லா கோடையில் ஒரு விதமாகவும் குளிர்காலத்தில் வேறு விதமாகவும் இயங்குவதை அவர் அப்போதே கவனித்தார். ஒரே செடி சூழலுக்கு ஏற்ப முறையை மாற்றிக்கொள்கிறது என்ற பிற்கால ஆய்வுகளுக்கு அது முன்னோடி.

பிளாக்மன் விதியில் பின்னர் திருத்தம் வந்தது. ஒரு காரணி விட்ட இடத்தில் இன்னொன்று சட்டென்று பிடித்துக்கொள்வதில்லை. இடையில் இரண்டும் சேர்ந்தே வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு பகுதி உண்டு. 1980-இல் ஃபார்குவர், வான் கேமரர், பெர்ரி ஆகிய மூவர் இலையின் ஒளிச்சேர்க்கை வேகத்தைக் கணித வடிவில் எழுதினார்கள். இன்றைய பருவநிலைக் கணிப்பு மாதிரிகளில் காடுகளும் பயிர்களும் எவ்வளவு கரியை உள்ளிழுக்கும் என்று கணக்கிட அந்தச் சமன்பாடுகளே அடிப்படை.

ஒளியின் அளவு

இருட்டறையில் உள்ள செடிக்கு மெல்ல மெல்ல ஒளியைக் கூட்டிக்கொண்டே போனால் மூன்று கட்டங்கள் தெரியும். முதலில், சுவாசத்தில் செலவாகும் சர்க்கரையும் ஒளிச்சேர்க்கையில் வரவாகும் சர்க்கரையும் சமமாகும் ஒரு புள்ளி வரும். இதை ஈடுசெய் புள்ளி என்பார்கள். அதற்குக் கீழே செடி சேமிப்பைத் தின்றுதான் உயிர் வாழும். அடுத்து, ஒளி கூடக் கூட வரவும் நேராக ஏறும். பிறகு ஏற்றம் தளர்ந்து, எவ்வளவு ஒளி கொடுத்தாலும் வேகம் கூடாத நிறைவு நிலை வரும்.

தெளிந்த வானத்தில் நண்பகல் வெயில், ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு ஏறத்தாழ 2,000 மைக்ரோமோல் ஒளித்துகள்களைக் கொண்டுவந்து கொட்டுகிறது. வெயில் விரும்பும் செடிகளுக்கு ஈடுசெய் புள்ளி 10 முதல் 20 மைக்ரோமோல். நிழல் விரும்பும் செடிகளுக்கு 1 முதல் 5. நெல், கோதுமை, பயறு போன்ற பயிர்களின் தனி இலை பெரும்பாலும் 500-க்கும் 1,000-க்கும் இடையில் நிறைவு கண்டுவிடும். உச்சி வெயிலில் பாதிக்கு மேல் அந்த இலைக்குப் பயன்படாது. மக்காச்சோளமும் கரும்பும் வேறு. முழு வெயிலிலும் அவற்றின் இலை இன்னும் கேட்கும்.

எத்தனை குறைந்த ஒளியில் ஒளிச்சேர்க்கை நடக்கும் என்பதற்கு அண்மையில் ஒரு வியப்பான விடை கிடைத்தது. ஆர்க்டிக் பனிக்கடலில் நீண்ட துருவ இரவு முடியும் தறுவாயில், சூரியன் இன்னும் சரியாகத் தலைகாட்டாத நேரத்தில், 0.04 மைக்ரோமோல் ஒளியிலேயே நுண்பாசிகள் வளரத் தொடங்குவதை 2024-இல் ஓர் ஆய்வுக் குழு வெளியிட்டது. நண்பகல் வெயிலின் 50,000-இல் ஒரு பங்கு அது.

தனி இலைக்குச் சொன்ன கணக்கு வயலுக்குப் பொருந்தாது. நட்டு 50 நாள் ஆன நெல்வயலில் மேலிலைகள் வெயிலில் குளித்துக்கொண்டிருக்கும்போதே அடியிலைகள் பசியில் இருக்கும். அதனால் தனி இலை நிறைவு கண்ட பிறகும் வயல் முழுமைக்கும் ஒளி தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். 1966-இல் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர்.8 ரகத்தின் வெற்றிக்குக் குட்டைத் தண்டு மட்டும் காரணமில்லை. அதன் இலைகள் தொங்காமல் நிமிர்ந்து நின்றதால் வெயில் அடிவரை இறங்கியது. உயர் விளைச்சல் நெல் ரகங்களில் நிமிர்ந்த இலை இன்றும் தேடப்படும் குணம்.

அதே நிலையத்தில் ஷோயிச்சி யோஷிதா 1970-களில் நெல்லுக்கு வெவ்வேறு கட்டங்களில் நிழல் கொடுத்துப் பார்த்தார். இளம்பயிருக்கு நிழல் கொடுத்தபோது விளைச்சல் அதிகம் குறையவில்லை. கதிர் உருவாகும் கட்டத்தில் கொடுத்த நிழல் மணிகளின் எண்ணிக்கையையே குறைத்தது. பால் பிடிக்கும் கட்டத்தில் கொடுத்தது மணி நிரம்புவதைக் கெடுத்தது. சம்பாப் பயிரின் இந்த இரண்டு கட்டங்களும் வடகிழக்குப் பருவமழையின் மேகத்தோடு மோதுகின்றன. ஜூனில் தொடங்கும் குறுவைக்கு அந்தத் தொல்லை குறைவு. டெல்டா உழவரின் கார்த்திகைக் கவலைக்கு அறிவியல் விளக்கம் இதுவே.

மேகமும் தூசும் எப்போதும் கெடுதிதான் என்றும் சொல்லிவிட முடியாது. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்து வானெங்கும் நுண்துகளைப் பரப்பியது. நேரடி வெயில் குறைந்தது. ஆனால் சிதறிய ஒளி கூடியது. சிதறிய ஒளி எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதால் நிழலில் கிடந்த அடியிலைகளையும் தொட்டது. அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் 1992-ஆம் ஆண்டு மேகமற்ற நண்பகல்களில் ஒளிச்சேர்க்கை 23 சதவீதம் கூடியிருந்ததாக அளவீடுகள் காட்டின. அடர்ந்த காட்டுக்கு மெல்லிய மூட்டம் நன்மையாகலாம். அடர்ந்த கருமேகம் ஆகாது.

மிஞ்சிய ஒளி

நிறைவு கண்ட இலையின் மேல் விழும் மிச்ச ஒளி எங்கே போகிறது? பச்சையம் அதை உறிஞ்சாமல் இருக்க முடியாது. உறிஞ்சிய ஆற்றலுக்கு வேலை இல்லையென்றால் அது ஆக்சிஜனோடு சேர்ந்து இலையையே சிதைக்கும் மூலக்கூறுகளை உருவாக்கும். ஒளியைப் பிடிக்கும் அமைப்பின் மையத்தில் உள்ள டி1 என்ற புரதம் பகல் முழுக்க உடைவதும் பழுதுபார்க்கப்படுவதுமாக இருக்கிறது. பழுதுபார்க்கும் வேகத்தைவிட உடையும் வேகம் மிஞ்சினால் ஒளிச்சேர்க்கை குறையும். நிழலில் வளர்ந்த தொட்டிச் செடியைத் திடீரென்று மொட்டைமாடி வெயிலுக்கு மாற்றினால் இலை வெளுத்துக் கருகுவதற்கு இது ஒரு காரணம்.

இதற்குத் தாவரம் ஒரு காப்பு வைத்திருக்கிறது. வெயில் மிஞ்சும்போது இலையிலுள்ள சில மஞ்சள் நிறமிகள் உருமாறி, கூடுதல் ஆற்றலைச் சூடாக்கி வெளியேற்றிவிடும். வெயில் குறைந்ததும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். சிக்கல் இங்கேதான்: திரும்புவதற்குப் பல நிமிடங்கள் ஆகின்றன. மேகம் கடக்கும்போதும் மேலிலை காற்றில் அசைந்து நிழல் விழும்போதும், ஒளி குறைந்த பிறகும் இலை ஆற்றலை வீணாக்கிக்கொண்டே இருக்கிறது.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லாங்கும் கலிபோர்னியாவின் கிருஷ்ணா நியோகியும் இணைந்து நடத்திய ஆய்வில், மூன்று மரபணுக்களைக் கூட்டி இந்தத் திரும்புதலை விரைவாக்கினார்கள். 2016-இல் வெளியான முடிவில் புகையிலைச் செடியின் எடை சுமார் 15 சதவீதம் கூடியிருந்தது. 2022-இல் சோயா மொச்சையில் 33 சதவீதம் வரை விளைச்சல் கூடியதாக அறிவித்தார்கள். காற்றுமழையில் பயிர் சாய்ந்த பருவத்தில் அந்தக் கூடுதல் தென்படவில்லை என்பதும் பதிவாகியுள்ளது. ஒரு தடையை நீக்கினால் அடுத்த தடை முன்னுக்கு வரும் என்ற பிளாக்மன் பாடம் மரபணுப் பயிருக்கும் பொருந்துகிறது.

ஒளியின் நிறம்

1882-இல் ஜெர்மானியரான எங்கல்மன், நூல்போன்ற பச்சைப் பாசியின் மேல் வானவில் நிறங்களை விழச்செய்து, ஆக்சிஜன் தேடும் பாக்டீரியாக்களை நீரில் விட்டார். சிவப்பு விழுந்த இடத்திலும் நீலம் விழுந்த இடத்திலும் அவை மொய்த்தன. பச்சை ஒளி செடிக்குப் பயன்படாது என்ற நம்பிக்கை அதிலிருந்து பரவி, இன்றும் பாடப்புத்தகங்களில் நிற்கிறது.

அது பாதி உண்மைதான். 1972-இல் மெக்ரீ பல பயிர்களின் இலைகளை அளந்தபோது, பச்சை ஒளியும் கணிசமாகவே பயன்படுவதைக் கண்டார். 2009-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் இச்சிரோ தெராஷிமா குழு இன்னும் ஒரு படி போனது. சிவப்பும் நீலமும் இலையின் மேலடுக்கிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. பச்சை ஒளி ஊடுருவி அடியடுக்கை அடைகிறது. நல்ல வெயிலில் மேலடுக்கு நிறைவு கண்டிருக்கும் நேரத்தில், கூடுதலாகக் கொடுக்கும் பச்சை ஒளி சிவப்பைவிட அதிகப் பயன் தருகிறது. மூடிய அறையில் எல்.இ.டி. விளக்கு கட்டிக் கீரை வளர்ப்போர் சிவப்பு, நீலத்தோடு வெள்ளை விளக்கையும் சேர்ப்பதற்கு இதுவும் ஒரு நியாயம்.

கடலுக்குள் நிறக் கணக்கே மாறுகிறது. சிவப்பு ஒளி மேல்நீரிலேயே தீர்ந்துவிடும். ஆழத்தில் எஞ்சுவது நீலமும் நீலப்பச்சையும். செம்பாசிகளின் சிவப்பு நிறமி அந்த எஞ்சிய ஒளியைப் பிடிக்கவே உருவானது. பஹாமாஸ் தீவுகளுக்கு அருகே 268 மீட்டர் ஆழத்தில் ஒரு செம்பாசி வாழ்வது 1980-களில் கண்டறியப்பட்டது. மறுமுனையில், ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாப் பாறைப்படிவுகளில் 2010-இல் கண்டெடுக்கப்பட்ட ‘எஃப்’ வகைப் பச்சையம், கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத தொலைசிவப்பு ஒளியையும் பயன்படுத்துகிறது.

காற்றும் ரூபிஸ்கோவும்

ஒளி ஆற்றலைத் தருகிறது. உடலைத் தருவது காற்றிலுள்ள கரி. அதைப் பிடிக்கும் வேலை ரூபிஸ்கோ என்ற நொதியுடையது. உலகின் உணவெல்லாம் இந்த ஒரு நொதியின் கையில் இருந்தும், அது மிக மெதுவாக வேலை செய்கிறது: ஒரு மூலக்கூறு நொடிக்கு மூன்று கார்பன் டை ஆக்சைடு அளவில்தான் பிடிக்கும். அதைவிடப் பெரிய குறை, கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துவிடும் பழக்கம். அப்படி நேரும்போது, செய்த வேலையில் ஒரு பகுதியைச் செடி திரும்பச் செலவழித்துச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. ஒளிச்சுவாசம் எனப்படும் இந்த இழப்பு, 25 பாகை சூட்டில் நெல், கோதுமை போன்றவற்றின் வரவில் ஏறத்தாழக் கால்பங்கு. சூடு ஏற ஏற இழப்பும் ஏறும்.

சில செடிகள் இதற்கு மாற்றுவழி கண்டிருக்கின்றன. ஹவாய் கரும்பில் கிடைத்த ஒரு விசித்திரமான முடிவைப் பின்தொடர்ந்து, 1966-இல் ஆஸ்திரேலியாவின் ஹாட்சும் ஸ்லாக்கும் அந்த வழியை விளக்கினார்கள். இலையின் வெளிச்செல்கள் கரியைப் பிடித்து, உட்செல்களில் உள்ள ரூபிஸ்கோவுக்கு அடர்த்தியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. ஆக்சிஜன் குறுக்கிட இடமில்லை. இவற்றை சி4 தாவரங்கள் என்கிறார்கள். கரும்பு, மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாம் இந்த இனம். தண்டுக்கீரையும் அருகம்புல்லும் கோரைக்கிழங்கும்கூட. மானாவாரி நிலத்தின் தானியங்கள் சூட்டையும் வறட்சியையும் தாங்குவதன் ஒரு பெரிய காரணம் இலைக்குள் உள்ள இந்த ஏற்பாடு. நெல்லுக்கும் இதைக் கொண்டுவரும் பன்னாட்டு முயற்சி பல ஆண்டுகளாக நடக்கிறது. உழவர் கைக்கு வரும் விதை இன்னும் உருவாகவில்லை.

தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. செடிகளுக்கு இது விருந்துதானே என்று கேட்போர் உண்டு. ஐரோப்பாவில் கண்ணாடிக்கூடத்தில் தக்காளி வளர்ப்போர் இதே வாயுவைச் செயற்கையாக ஊட்டி விளைச்சலைக் கூட்டுவதும் உண்மை. ஆனால் அங்கே தண்ணீரும் உரமும் சூடும் அளந்து கொடுக்கப்படுகின்றன. திறந்த வயலில் சுமார் 550 பங்கு அளவுக்கு ஊட்டிச் செய்த சோதனைகளில் நெல், கோதுமை, சோயா விளைச்சல் கூடியது. கூடிய அளவு, மூடிய கூடங்களில் கண்டதைவிடக் குறைவு. தண்ணீர் போதுமானபோது மக்காச்சோளத்துக்குப் பயன் ஏதும் இல்லை. தானியத்தில் துத்தநாகமும் இரும்பும் குறைந்தன என்று 2014-இல் வெளியான ஆய்வு எச்சரித்தது. மேலும், அந்த வாயு தனியே வருவதில்லை. சூட்டையும் கூட்டிக்கொண்டே வருகிறது.

பகல் சூடும் இரவுச் சூடும்

நெல், கோதுமை இனத்துக்கு ஏறத்தாழ 20 முதல் 30 பாகை வரையிலும், சி4 பயிர்களுக்கு 30 முதல் 40 பாகை வரையிலும் ஒளிச்சேர்க்கை சிறப்பாக நடக்கும். அதற்கு மேல் முதலில் தளர்வது ரூபிஸ்கோவை இயங்கும் நிலையில் வைத்திருக்கும் துணைப் புரதம். அது சூட்டில் சீக்கிரம் செயலிழக்கும். வெப்பமண்டலக் காட்டு மரங்களின் இலைகள் சுமார் 46.7 பாகையைத் தொட்டால் ஒளிச்சேர்க்கை அமைப்பே குலைந்துபோகும் என்றும், உச்சி மரக்கூரையில் மிகச் சிறு பங்கு இலைகள் ஏற்கனவே அந்த எல்லையைத் தொடுகின்றன என்றும் 2023-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது.

இரவுச் சூட்டைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பகலில் சேர்த்த சர்க்கரையை இரவுச் சுவாசம் செலவழிக்கிறது. இரவு சூடானால் செலவு கூடும். பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் திரட்டிய வயல் பதிவுகளை வைத்து 2004-இல் வெளியான ஆய்வு, வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு பாகை கூடினால் நெல் விளைச்சல் 10 சதவீதம் குறைவதாகக் கண்டது. சுவாசம் மட்டுமே இதற்குக் காரணமா என்ற விவாதம் தொடர்கிறது. விளைச்சல் குறைகிறது என்பதில் விவாதம் இல்லை.

சூடும் ஒளியும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் சாட்சி. பவள உயிரியின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகளே அதற்கு உணவு தருகின்றன. கோடையில் கடல்நீர் வழக்கத்துக்கு மேல் சூடானால், அந்தப் பாசிகளால் விழும் ஒளியைச் சமாளிக்க முடியாமல் நச்சு மூலக்கூறுகள் உண்டாகின்றன; பவளம் அவற்றை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. 2010-லும் 2016-லும் அங்கே பெருமளவில் இப்படி நடந்தது. ஒளி மாறவில்லை, அதைத் தாங்கும் திறனைச் சூடு குலைத்துவிட்டது.

தண்ணீர்க் கணக்கு

கரியை உள்ளே விட இலை தன் துளைகளைத் திறக்க வேண்டும். திறந்தால் நீர் ஆவியாகும். நெல் இனச் செடி ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறைப் பெற ஏறத்தாழ 400 நீர் மூலக்கூறுகளை இழக்கிறது. சி4 செடிக்கு இழப்பு 150 அளவில். வேர் வறண்டால் ஒரு ஹார்மோன் இலைக்குச் செய்தி அனுப்பித் துளைகளை மூடவைக்கும். அப்போது வெயில் எவ்வளவு அடித்தாலும் கரி கிடைக்காததால் ஒளிச்சேர்க்கை நின்றுபோகும். நீர் போதுமான வயலிலும் வெக்கையான நண்பகலில் துளைகள் ஓரளவு மூடிக்கொள்ளும். வெயில் உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தில் வேகம் தொய்ந்து, பிற்பகலில் மீளும். வெற்றிலைக் கொடிக்காலின் அகத்தி, ஒளியைக் குறைப்பதோடு சூட்டையும் காற்றின் வறட்சியையும் சேர்த்தே குறைக்கிறது.

கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, அன்னாசி, ரணகள்ளி போன்றவை இரவில் துளைகளைத் திறந்து கரியை அமிலமாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதைச் சர்க்கரையாக்குகின்றன. நீர் இழப்பு 50 அளவுக்கு இறங்கிவிடுகிறது. இந்த ஏற்பாட்டின் முதல் அடையாளங்களுள் ஒன்று இந்தியாவில்தான் பதிவானது. தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளராக வந்து, பிறகு மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹைன், ரணகள்ளி இலையை மென்று பார்த்தார். காலையில் புளித்தது, நண்பகலில் சப்பென்று ஆகியது, மாலையில் கசந்தது. அவர் எழுதிய கடிதம் 1815-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அச்சானது. இரவில் சேர்த்த அமிலம் பகலில் கரைவதைத்தான் அவர் நாக்கு கண்டது.

மண்ணின் பங்கு

ஒளியைப் பிடிக்கும் பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. பச்சையம் உருவாக இரும்பு வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு கிட்டாமல் நிலக்கடலை மஞ்சளாவது இதனால்தான். எல்லாவற்றுக்கும் மேல் தழைச்சத்து. இலையின் கரையும் புரதத்தில் பாதிவரை ரூபிஸ்கோவாகவே இருக்கும் என்பதால், தழைச்சத்து குறைந்தால் கரி பிடிக்கும் கைகளே குறையும்.

இதற்காக என்று யூரியாவை அள்ளி வீசுவது தவறு. மேகமூட்டமான வாரத்தில் ஒளிதான் தட்டுப்பாடு. அப்போது போடும் யூரியா விளைச்சலாக மாறாமல் மெத்தென்ற தழையாகி, பூச்சிக்கும் குலைநோய்க்கும் வழிவிடும். இலையின் பச்சையைப் பார்த்து உரமிட உதவும் இலை வண்ண அட்டை இந்தப் பிரச்சினைக்கு மலிவான, நல்ல தீர்வு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெள்ளைப் பொன்னிக்கு அட்டையில் 3-ஆம் எண்ணையும் மற்ற ரகங்களுக்கு 4-ஆம் எண்ணையும் எல்லையாகப் பரிந்துரைக்கிறது. இலை அந்த எண்ணுக்கு மேல் பச்சையாக இருக்கும்வரை யூரியா தேவையில்லை.

உணவாகும் ஒளி, சேதியாகும் ஒளி

ஓர் இடத்தில் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வியட்நாமின் டிராகன் பழத் தோட்டங்களில் இரவில் வரிசையாக விளக்கெரிப்பதும், செவ்வந்தித் தோட்டங்களில் பல்பு கட்டுவதும் ஒளிச்சேர்க்கைக்காக அல்ல. அந்த மங்கிய ஒளி செடிக்குச் சோறு போடாது. இரவின் நீளத்தை வைத்துப் பூக்கும் காலத்தை அறியும் செடிக்கு, இரவு குறுகியதாகக் காட்டும் சேதி மட்டுமே அது. பூக்க வைக்கும் ஒளியின் அளவையும் விளையவைக்கும் ஒளியின் அளவையும் ஒன்றாக எண்ணி விளக்கு வாங்கினால் பணம்தான் வீணாகும்.

வயலுக்கு என்ன சேதி

பயிர்மேல் விழும் சூரிய ஆற்றலில் கோட்பாட்டளவில் நெல் இனம் 4.6 சதவீதத்தையும், சி4 இனம் 6 சதவீதத்தையும் உடலாக்க முடியும் என்று 2008-இல் கணக்கிட்டார்கள். நடைமுறையில் வயல்கள் அதில் பாதியைத் தொடுவதே அரிது. அந்த இடைவெளியை ஏதாவது ஒன்றைக் கூட்டி நிரப்பிவிட முடியாது என்பதே இத்தனை ஆய்வுகளும் சேர்ந்து தரும் தீர்ப்பு. வெயிலோ, உரமோ, காற்றின் கரியோ தனித்து நின்று விளைச்சலைத் தருவதில்லை. அந்த வாரத்தில், அந்த வயலில் எது குறைவு என்று கண்டு அதைச் சரிசெய்தால்தான் மற்றவற்றுக்குப் பயன் வரும்.

இதற்குத் தகவல் வேண்டும். உழவர்களுக்கு வரும் வானிலை அறிவுரைகள் மழை, வெப்பம், ஈரப்பதம், காற்று, மேகமூட்டம் ஆகியவற்றைச் சொல்கின்றன. பயிரின் வரவைத் தீர்மானிக்கும் சூரிய ஒளியின் அன்றாட அளவையும், இரவின் குறைந்தபட்ச வெப்பம் வழக்கத்தைவிட எவ்வளவு கூடியது என்பதையும் அவற்றோடு சேர்க்க வேண்டும். கதிர் உருவாகும் நாட்கள் அடர்மேகத்தில் சிக்காதபடி சம்பாவின் விதைப்பு நாளையும் ரகத்தின் வயதையும் வட்டாரம் வட்டாரமாகக் கணித்துச் சொல்லும் ஆய்வுகளுக்கு வேளாண் துறை முன்னுரிமை தர வேண்டும். அதுவரை உழவர் தம் அளவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: மேகம் கலையாத நாட்களில் யூரியா மூட்டையைப் பிரிக்காமல், இலை வண்ண அட்டையை ஒருமுறை வயலுக்குள் கொண்டுபோய்ப் பார்ப்பது.